நெருப்பில் பிறக்கும் குளிர்: கேம்பர்வேன் பயணம் கற்றுத்தந்த பாடம்

அன்றிரவு என் தங்கைக்குத் தலைவலி. "காலையிலிருந்து வண்டியில உட்கார்ந்து வந்த அசதிதான்" என்று சொல்லி, அம்மா கோடாலித் தைலத்தை அவள் நெற்றியில் தேய்த்துவிட்டார். அவள் படிவம் மூன்று மாணவி. தைலம் தேய்த்த கையோடு போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிவிட்டாள். எனக்கும் தலை சற்றுக் கனத்தது. பயணக் களைப்பு என்றே நானும் நினைத்தேன்.

அதிகாலை இரண்டு மணி இருக்கும். படுக்கைக்கு அருகே சுவரில் இருந்த வெள்ளை நிறக் கருவி காதைத் துளைப்பதுபோல் அலறியது. அது புகை அலாரம் அல்ல, கார்பன் மோனாக்சைடு அலாரம். அது மட்டும் இல்லாதிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

கடந்த ஆண்டு இறுதி விடுமுறையில் நாங்கள் நால்வரும் நியூசிலாந்து சென்றிருந்தோம். கிரைஸ்ட்சர்ச் நகரில் வசிக்கும் சித்தப்பா, தம்முடைய பழைய கேம்பர்வேனை ஒரு வாரத்துக்கு எங்களிடம் கொடுத்தார். படுக்கை, அடுப்பு, கழுவுதொட்டி, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் உள்ள நடமாடும் வீடு அது. கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து டெக்காப்போ ஏரிக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். விடுமுறைக் காலம் என்பதால் முகாம் தளத்தில் மின்வசதி உள்ள இடங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. மின்சாரம் இல்லாத இடம்தான் கிடைத்தது. "பரவாயில்லை, குளிர்சாதனப் பெட்டி கேஸிலும் ஓடும்" என்று சித்தப்பா முன்பே சொல்லியிருந்தார்.

குளிர்சாதனப் பெட்டி கேஸில் ஓடுமா? தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நெருப்பை வெச்சு எப்படிக்கா குளிராக்க முடியும்?" என்று கேட்டாள். நான் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆனாலும் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அதற்கான பதிலைத் தேடியபோதுதான் அன்றிரவு நாங்கள் செய்த தவறும் எனக்கு முழுமையாகப் புரிந்தது.

மாணவர்கள் கண்டுபிடித்த பெட்டி

நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் உறுமிக்கொண்டிருக்கும் பாகம்தான் அமுக்கி. மின்சாரத்தால் ஓடும் அந்த இயந்திரம் குளிரூட்டும் வாயுவை அழுத்திச் சுற்றவிடுகிறது. கேஸில் ஓடும் பெட்டியில் அமுக்கி இல்லை. சுழலும் பாகம், அசையும் பாகம் எதுவுமே இல்லை. அதனால் சத்தமும் இல்லை.

இதை உருவாக்கியவர்கள் சுவீடனைச் சேர்ந்த இரு மாணவர்கள். பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் ஆகிய இருவரும் ஸ்டாக்ஹோம் அரச தொழில்நுட்பக் கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 1922-ஆம் ஆண்டில் இந்த முறையைக் கண்டுபிடித்தனர். 1925 முதல் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அப்போது அவ்விருவருக்கும் வயது முப்பதுகூட ஆகவில்லை.

இந்தப் பெட்டிக்குள் நீர், அம்மோனியா, ஹைட்ரஜன் ஆகிய மூன்றும் இறுக மூடிய குழாய்களுக்குள் அடைபட்டிருக்கின்றன. கீழே எரியும் சிறிய சுடர், அம்மோனியா கலந்த நீரைச் சூடாக்குகிறது. அம்மோனியா ஆவியாகப் பிரிந்து மேலேறுகிறது. மேலே உள்ள குழாயில் அது வெப்பத்தை வெளியே விட்டுவிட்டுத் திரவமாகிறது. அந்தத் திரவ அம்மோனியா, ஹைட்ரஜன் நிறைந்த பகுதிக்குள் வழிந்து இறங்குகிறது. அங்கே அம்மோனியாவின் பகுதியழுத்தம் மிகக் குறைவு. அதனால் அது மீண்டும் ஆவியாகிறது. ஆவியாவதற்குத் தேவையான வெப்பத்தைப் பெட்டிக்குள் இருக்கும் பாலிலிருந்தும் தயிரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. கையில் நீர் தடவி ஊதினால் சில்லென்று இருக்கிறதே, அதே தத்துவம்தான். பிறகு நீர் அந்த அம்மோனியாவை மீண்டும் உறிஞ்சிக்கொள்ள, சுழற்சி தொடர்கிறது.

பகுதியழுத்தம் பற்றிய டால்டன் விதியை மெட்ரிகுலேஷனில் படித்திருக்கிறேன். தேர்வில் முழு மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்த விதி எங்கள் தயிர்ச் சாதத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு வண்டி, மூன்று சக்தி

கேம்பர்வேன்களில் உள்ள இத்தகைய பெட்டிகளை 'மூவழிப் பெட்டி' என்கிறார்கள். முகாம் தளத்தில் மின்வசதி இருந்தால் வீட்டு மின்சாரத்தில் ஓடும். வண்டி ஓடும்போது வண்டியின் 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும். இரண்டும் இல்லாத இடத்தில் கேஸில் ஓடும்.

வண்டியை நிறுத்திய பிறகும் 12 வோல்ட்டிலேயே விட்டுவிடக்கூடாதா என்று அப்பா கேட்டார். விட்டால் பேட்டரி இறங்கிவிடும். இந்த வகைப் பெட்டி 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் அல்லது அதற்கு மேல் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி பேட்டரியாக இருந்தாலும் விடிவதற்குள் ஓய்ந்துவிடும். எரிவாயுவோ சிக்கனமானது. ஒரு 9 கிலோ தோம்பு, பெட்டியை மட்டும் ஓட்டினால் பல நாள்களுக்கு வரும். காட்டோரம், ஏரிக்கரை என்று மின்கம்பி எட்டாத இடங்களில் தங்குவோர் இன்னமும் இந்தப் பெட்டியை விரும்புவதற்கு இதுவே காரணம்.

அன்றிரவு நடந்தது என்ன?

மாலையிலிருந்து பலத்த காற்று. வடமேற்கிலிருந்து மலைகளைத் தாண்டி வீசும் அந்தக் காற்று அந்த வட்டாரத்தில் பெயர்பெற்றது. வண்டியின் வெளிப்பக்கச் சுவரில், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால், கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு காற்றுத் துவாரங்கள் உண்டு. காற்று அவற்றின் வழியாக நுழைந்து சுடரை அணைத்தது. சுடர் அணைந்தால் எரிவாயுவைத் தானாகவே நிறுத்தும் பாதுகாப்புக் கருவி உள்ளே இருக்கிறது. ஆகவே கசிவு இல்லை. ஆனால் பெட்டி குளிர்வதும் நின்றுவிடும்.

அப்பா மீண்டும் பற்றவைத்தார். அரை மணி நேரத்தில் மறுபடி அணைந்தது. மூன்றாவது முறை அவருக்குப் பொறுமை போய்விட்டது. உள்ளே அம்மா சமைத்து வைத்த மீன் குழம்பும், ஒரு வாரத்துக்கு வாங்கிய பாலும் இருந்தன. அப்பா ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்தார். கீழ்த் துவாரத்தை முழுவதுமாகவும் மேல் துவாரத்தை முக்கால்வாசியும் மூடி, பசை நாடாவால் ஒட்டினார்.

"அப்பா, மூடலாமா?" என்று கேட்டேன்.

"முப்பது வருஷமா கேஸ் தோம்பு மாத்துற கை இது. எனக்குத் தெரியாதா? காத்து உள்ள போகாம இருந்தா நெருப்பு அணையாது, அவ்வளவுதான்" என்றார்.

அப்பா தொழிற்சாலையில் டெக்னீஷியன். வீட்டில் எது பழுதானாலும் அவர்தான் சரிசெய்வார். அதனால் நான் அதற்குமேல் எதுவும் பேசவில்லை. அவருக்கு வெளிச்சம் தெரிய டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னதுபோலவே சுடர் அணையவில்லை. ஆனால் எரிவதற்குப் போதிய காற்றும் கிடைக்கவில்லை.

எரிவாயு முழுமையாக எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகும். காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. நுரையீரலுக்குள் போனதும் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுடன் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் அதிகமான வலுவோடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், அசதி ஆகியவை முதல் அறிகுறிகள். காய்ச்சல் இல்லாத சளிக்காய்ச்சல்போல் தோன்றும். தூங்கிக்கொண்டிருப்பவர் விழிக்காமலேயே போய்விடலாம்.

சாதாரணமாக அந்தப் புகை மேல் துவாரம் வழியாக வெளியே போய்விடும். நாங்கள்தான் அதையும் அடைத்துவிட்டோமே. போதாக்குறைக்கு, குளிர்சாதனப் பெட்டிக்கும் வண்டியின் உட்புறத்துக்கும் இடையே இருந்த தடுப்பு ரப்பர் பழையதாகி ஓரிடத்தில் கிழிந்திருந்தது. அந்த இடைவெளி வழியாகத்தான் நச்சு வாயு உள்ளே வந்திருக்கிறது. எங்கள் படுக்கை அதற்குப் பக்கத்திலேயே இருந்தது.

அலாரம் கேட்டதும் அம்மா தங்கையை உலுக்கினார். அவள் கண் திறந்தாள், ஆனால் கால்கள் நிற்கவில்லை. அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். நான் சித்தப்பாவுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். "அண்ணே, யாரும் திரும்ப உள்ள போகாதீங்க. பை, பாஸ்போர்ட் எதுக்கும் போகாதீங்க. வெளியில இருந்தே தோம்ப மூடுங்க. 111க்கு அடிங்க" என்று அவர் ஒலிபெருக்கியில் சொன்னது இப்போதும் காதில் கேட்கிறது.

மருத்துவ உதவியாளர்கள் வந்து தங்கைக்குப் பிராணவாயு கொடுத்தார்கள். எங்கள் எல்லாரையும் பரிசோதித்தார்கள். சிறிது நேரத்தில் அவள் தெளிந்து, "பசிக்குதுமா" என்றாள். அம்மா அப்போதுதான் அழுதார். மீதி இரவை முகாமின் பொதுச் சமையலறையில் கழித்தோம். டெக்காப்போ வானம் நட்சத்திரங்களுக்குப் பெயர்பெற்றது. அதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனோம். அன்று எங்களில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பழைய ஆபத்து

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. அமெரிக்காவில் 1933 முதல் 1957 வரை தயாரிக்கப்பட்ட சர்வெல் எரிவாயுக் குளிர்சாதனப் பெட்டிகளைப் பற்றி அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கை விடுத்திருக்கிறது. பழைய விடுமுறைக் குடில்களில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பெட்டிகளின் எரிமுனைகள் பழுதாகி, கார்பன் மோனாக்சைடு வெளியேறிப் பலர் உயிரிழந்தனர்.

தீ விபத்துக்கும் இடமுண்டு. 2006-ஆம் ஆண்டு, கேம்பர்வேன்களில் பொருத்தப்பட்டிருந்த ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான பெட்டிகளை ஒரு நிறுவனம் அமெரிக்காவில் திரும்ப அழைத்துப் பழுதுபார்த்தது. சூடேறும் குழாயில் வெடிப்பு ஏற்பட்டு, உள்ளே இருக்கும் ஹைட்ரஜனும் அம்மோனியாவும் வெளியேறித் தீப்பற்றக்கூடும் என்பதே காரணம்.

அப்படியென்றால் இந்தப் பெட்டியே வேண்டாமா? அப்படியில்லை. முறையாகப் பொருத்தி, ஆண்டுக்கு ஒருமுறை பராமரித்து, விதிகளை மதித்தால் அது பல்லாண்டுகள் பாதுகாப்பாக உழைக்கும். சித்தப்பாவின் பெட்டி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்திருக்கிறது. அந்த ஒரு கிழிந்த ரப்பரையும் எங்கள் அட்டையையும் தவிர அதன்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கேம்பர்வேனில் போகிறீர்களா? இவற்றை மறக்காதீர்கள்

நம்மவர் பலர் இப்போது நியூசிலாந்து, ஆஸ்திரேலியா என்று கேம்பர்வேன் எடுத்துக்கொண்டு போகிறார்கள். வண்டியைக் கையில் வாங்கும்போதே "குளிர்சாதனப் பெட்டி எதில் ஓடுகிறது?" என்று கேளுங்கள். கேஸில் ஓடும் என்றால் கீழே உள்ளவை உங்களுக்காக.

1. துவாரங்களை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். வெளிப்புறத் துவாரங்கள் மட்டுமல்ல, தரையிலும் கூரையிலும் உள்ள காற்றோட்டத் துவாரங்களும் அப்படித்தான். குளிர்காற்று வருகிறது என்று துணியைத் திணிப்பது ஆபத்து. காற்று சுடரை அணைத்தால், பெட்டி உள்ள பக்கம் காற்றுக்கு எதிரே இல்லாதபடி வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் கேஸை மூடிவிட்டு, ஐஸ் பெட்டியில் உணவை வையுங்கள். மீன் குழம்பு கெட்டால் கெடட்டும்.

2. இரண்டு அலாரம் தேவை. கார்பன் மோனாக்சைடு ஏறக்குறைய காற்றின் எடையே கொண்டது. அதற்கான அலாரத்தைத் தூங்கும் இடத்துக்கு அருகில், தயாரிப்பாளர் குறிப்பிட்ட உயரத்தில் பொருத்த வேண்டும். புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தண்ணீரைப்போல் தரையில் தேங்கும். அதற்கான அலாரம் தரைக்கு அருகில் இருக்க வேண்டும். இரண்டிலும் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், அதைப் பாருங்கள். சோதனைப் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள்.

3. சுடரின் நிறத்தைக் கவனியுங்கள். நீலமாக, அசையாமல் எரிந்தால் நல்லது. மஞ்சளாக எரிந்தாலோ, துவாரத்தைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள். சிலந்தி வலையும் துருத்தூளும் எரிமுனையை அடைத்துக்கொள்வது இந்தப் பெட்டிகளில் அடிக்கடி நடப்பது. அதைச் சுத்தம் செய்வது தகுதிபெற்ற எரிவாயுத் தொழிலாளியின் வேலை, நம் வேலை அல்ல.

4. வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். உள்ளே உள்ள திரவம் பம்ப் இல்லாமல், புவியீர்ப்பு விசையால்தான் வழிந்தோடுகிறது. வண்டி சாய்ந்திருந்தால் ஓட்டம் தடைப்படும். சூடேறும் பகுதி அளவுக்கு மீறிக் காயும். நாளடைவில் பெட்டியே பாழாகும்.

5. வண்டி ஓடும்போது கேஸை மூடி, 12 வோல்ட்டுக்கு மாற்றுங்கள். பெட்ரோல் நிலையத்துக்குள் நுழையும் முன்பே சுடர் அணைந்திருக்க வேண்டும். வெலிங்டனுக்கும் பிக்டனுக்கும் இடையே குக் நீரிணையைக் கடக்கும் கப்பலில் வண்டியை ஏற்றும்போதும் தோம்பின் வால்வை மூட வேண்டும். கதவைத் திறக்காமல் இருந்தால் பெட்டி சில மணி நேரம் குளிரைப் பிடித்து வைத்திருக்கும்.

6. எரிவாயு மணம் வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள், தீக்குச்சி உரசாதீர்கள். புரோப்பேனுக்கு இயற்கையில் மணம் இல்லை. கசிவைக் கண்டுபிடிக்கவே நாற்றமடிக்கும் பொருளைக் கலக்கிறார்கள். எல்லாரும் வெளியேறி, தோம்பை மூடி, கதவுகளைத் திறந்து விடுங்கள். இணைப்புகளில் கசிவைச் சோதிக்க சோப்பு நீர் போதும். குமிழி வந்தால் கசிவு. அதேபோல் பெட்டியிலிருந்து அம்மோனியாவின் காரமான நெடி வந்தாலோ, பின்புறக் குழாய்களில் மஞ்சள் தூள் தெரிந்தாலோ அதை நிறுத்திவிடுங்கள்.

7. தோம்பு நிமிர்ந்த நிலையில், வெளிக்காற்றுக்குத் திறந்த அறையில் இருக்க வேண்டும். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பத்து ஆண்டுக்கு ஒருமுறை தோம்பைச் சோதிக்க வேண்டும். சோதித்த தேதி அதன்மேல் பொறிக்கப்பட்டிருக்கும்.

8. முந்தைய நாளே பெட்டியை ஓடவிடுங்கள். இது வீட்டுப் பெட்டியைப்போல் வேகமாகக் குளிராது. நன்றாகக் குளிரப் பல மணி நேரம் பிடிக்கும். சூடான குழம்பை அப்படியே உள்ளே வைக்காதீர்கள். உள்ளே ஒரு சிறிய வெப்பமானி வைத்து, 5 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் நமக்கென்ன?

"நாங்கள் நியூசிலாந்து போகப் போவதில்லையே" என்று நீங்கள் நினைக்கலாம். கார்பன் மோனாக்சைடுக்கு நாட்டு எல்லை கிடையாது. நெடுஞ்சாலை ஓய்விடத்தில் காரை நிறுத்தி, ஜன்னல்களை மூடி, ஏர்கோனை ஓடவிட்டுத் தூங்குபவர்கள் நம்மிடையே உண்டு. கேமரன் மலையில் கூடாரத்துக்குள் கரி அடுப்பை வைத்துக் குளிர்காய்ந்த நண்பர்களை எனக்குத் தெரியும். மின்தடையின்போது வீட்டுக்குள்ளேயே ஜெனரேட்டரை ஓட்டுவோரும் உண்டு. எல்லாமே ஒரே ஆபத்துதான். மூடிய இடத்தில் ஏதோ ஒன்று எரிகிறது, புகை போக வழியில்லை.

கல்லூரி நண்பர்கள் சேர்ந்து முகாமுக்குப் போகும்போது கூடாரம், ஸ்பீக்கர், பவர்பேங்க் என்று பட்டியல் போடுகிறோம். கையடக்க கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். பையில் அதிக இடம் பிடிக்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அன்றிரவு அப்பாவின் தவறைப்போல் என் தவறும் உண்டு. முழுமையற்ற எரிதலைப் பற்றி நான் பள்ளியிலேயே படித்தேன். சமன்பாட்டை இப்போது கேட்டாலும் எழுதிவிடுவேன். ஆனால் அட்டையை ஒட்டிக்கொண்டிருந்த கைக்கு வெளிச்சம் பிடித்தேனே தவிர, அந்தச் சமன்பாடு என் கண்முன் நடக்கிறது என்பதை உணரவில்லை. சிறிய சந்தேகம் எழுந்தபோதும், பெரியவர் சொல்கிறார் என்று அடங்கிப்போனேன். மரியாதையாகவே இரண்டாவது முறை கேட்டிருக்கலாம். "சித்தப்பாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்போமே அப்பா" என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

நாடு திரும்பிய வாரத்தில் அப்பா இரண்டு அலாரங்கள் வாங்கி வந்தார். ஒன்றைச் சமையலறைக்கு வெளியே மாட்டினார். இன்னொன்றை என் கையில் கொடுத்தார். "உன் ஹாஸ்டல் பசங்க கூட கேம்பிங் போறப்ப எடுத்துட்டுப் போ" என்றார். பிறகு சிறிது நேரம் கழித்து, "அடுத்த முறை அப்பா ஏதாவது தப்பா செஞ்சா, சத்தமா சொல்லு" என்றார்.